கொண்டையின் அளவு நாற்றிலேயே முடிவாகிறது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் தோட்டக்கலைப் பக்கத்தில் கோழிக்கொண்டைச் செடி குறித்து அண்மையில் வெளிவந்த கட்டுரையையும், அதையொட்டி வாசகர்கள் அனுப்பியிருந்த கேள்விகளையும் படித்தேன். கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே குறையையே வெவ்வேறு சொற்களில் சொல்கின்றன. நாற்றுப்பண்ணையில் வாங்கியபோது செக்கச்செவேலென்று பூத்திருந்த செடி, வீட்டுக்குக் கொண்டுவந்து நட்ட பிறகு ஒரு சாண் உயரத்தைத் தாண்டவே இல்லை, கொண்டை பெருக்கவில்லை, சில வாரங்களில் இலை வெளுத்து, தண்டு காய்ந்துபோயிற்று. இதற்குத் தீர்வாக, உரத்தை அதிகப்படுத்துங்கள், தினமும் இரு வேளை தண்ணீர் விடுங்கள் என்று அந்தக் கட்டுரை அறிவுறுத்தியிருந்தது. நெடுங்காலமாக இந்தச் செடியை விதையிலிருந்து வளர்த்து வருபவர் என்ற முறையில், அந்த அறிவுரை பலனளிக்காது என்பதோடு, பல செடிகளைச் சாகடிக்கவும் செய்யும் என்பதை அக்கறையோடு தெரிவிக்க விரும்புகிறேன்.

கோழிக்கொண்டையில் பூ எவ்வளவு பெரிதாக வரும் என்பது, பூக்கும் பருவத்தில் நாம் இடும் உரத்தால் தீர்மானிக்கப்படுவதில்லை. விதை முளைத்த முதல் நான்கைந்து வாரங்களில் நாற்று தடையில்லாமல் வளர்ந்ததா, தவித்து வளர்ந்ததா என்பதில்தான் பெரும்பகுதி முடிவாகிவிடுகிறது. வாசகர்கள் வாங்கிவந்த செடிகள் வீட்டுக்கு வந்த பிறகு கெட்டுப்போனவை அல்ல. வாங்கும்போதே அவற்றின் வளர்ச்சி ஏறக்குறைய முடிந்திருந்தது.

இதன் காரணம் செடியின் உடலமைப்பிலேயே இருக்கிறது. கோழிக்கொண்டையின் முதன்மைப் பூ, நடுத்தண்டின் நுனியில் உருவாகிறது. இலைகளை உண்டாக்கிக்கொண்டிருந்த வளர்நுனி என்றைக்குப் பூவாக மாறத் தொடங்குகிறதோ, அன்றோடு நடுத்தண்டு புதிய இலைகளை விடுவது நின்றுவிடுகிறது. அதுவரை சேர்ந்திருக்கும் இலைகளும் வேர்களும்தான் அந்தப் பூவுக்குச் சோறுபோட வேண்டும். பன்னிரண்டு, பதினைந்து பெரிய இலைகள் விரிந்த பிறகு இந்த மாற்றம் நிகழ்ந்தால் கொண்டை உள்ளங்கை அளவுக்கு விரியும். ஐந்தாறு சிறிய இலைகளோடு நிகழ்ந்துவிட்டால் நகத்தளவிலேயே நின்றுபோகும். இடநெருக்கடியோ குளிரோ வறட்சியோ நாற்றைத் தாக்கும்போது, எப்படியாவது விதையை விட்டுவிட்டுப் போக வேண்டும் என்ற அவசரத்தில் அது முன்கூட்டியே பூத்துவிடுகிறது. ஓராண்டுச் செடிகள் பலவற்றுக்கும் இந்த இயல்பு உண்டு என்றாலும், கோழிக்கொண்டையில் அது மிகக் கடுமையாக வெளிப்படுகிறது. இப்படி ஒருமுறை அவசரமாகப் பூத்த செடிக்குப் பின்னர் எவ்வளவு உரமிட்டாலும், இழந்த உயரம் திரும்ப வருவதில்லை.

நாற்று வாங்கப் போகிறவர்கள் செடியின் தலையைப் பார்ப்பதை விட்டுவிட்டு அதன் அடியைப் பார்க்க வேண்டும். தண்டை இரு விரல்களுக்கிடையே பிடித்துக்கொண்டு தொட்டியை மெதுவாகக் கவிழ்த்தால், நல்ல நாற்றில் வெண்மையான வேர்கள் மண்கட்டியின் ஓரத்தை அப்போதுதான் எட்டியிருக்கும். இடையிடையே மண் கண்ணுக்குத் தெரியும். பருவம் தாண்டிய நாற்றில் மண்ணே தெரியாது. பழுப்பு நிற வேர்கள் தொட்டியின் வடிவத்திலேயே வட்டமாகச் சுற்றிப் பின்னி, அடித்துளை வழியாக வெளியே நீண்டு தொங்கும். அத்தகைய செடியின் தலையில் எத்தனை அழகான சிறு கொண்டை இருந்தாலும் அதை வாங்கக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து. நான்கு முதல் ஆறு இலைகளுடன், மொட்டின் சுவடே இல்லாமல், தண்டு பச்சையாகவும் இளசாகவும் இருக்கும் நாற்றுதான் வாங்கத் தகுந்தது. சிவப்புப் பூ விடும் ரகங்கள் சிலவற்றில் இளந்தண்டே செந்நிறமாக இருக்கும் என்பதால், அவற்றில் நிறத்தைப் பார்க்காமல் தண்டின் மென்மையைப் பார்ப்பது நல்லது. இளந்தண்டு விரலுக்கு வளைந்து கொடுக்கும். முற்றிய தண்டு குச்சியைப்போல் விறைத்து நிற்கும்.

விற்பனையாளர்களை மட்டும் இதில் குறை சொல்ல எனக்கு மனமில்லை. பூவில்லாத நாற்றை வாங்க ஆளில்லை என்பதால்தான் அவர்கள் பூ வரும்வரை சிறு தொட்டியிலேயே வைத்திருக்கிறார்கள். வளர்ச்சியை மட்டுப்படுத்தும் மருந்துகளைத் தெளித்துச் செடியைக் குட்டையாக வைத்திருப்பதும் வணிக முறையில் அலங்காரச் செடி வளர்ப்போரிடையே வழக்கத்தில் உள்ளதுதான். ஒரு வார காலம் மேசையில் வைத்து அழகு பார்க்க அத்தகைய செடி போதும். தோட்டத்தில் இரண்டு மூன்று மாதங்கள் நின்று பூக்க வேண்டும் என்று எதிர்பார்த்து வாங்குபவருக்கு அது பொருந்தாது. எது எதற்கானது என்று தொட்டியின் சீட்டிலேயே எழுதியிருந்தால், வாங்குபவரின் ஏமாற்றம் பெருமளவு குறையும்.

இருந்தாலும், இந்தச் செடிக்கு விதையிலிருந்து தொடங்குவதே சாலச் சிறந்தது. விதை கறுப்பாக, பளபளப்பாக, மிகப் பொடியாக இருக்கும். ஒரு கிராமில் ஆயிரத்துக்கும் அதிகமான விதைகள் அடங்கும். இவ்வளவு சிறிய விதையை ஆழமாகப் புதைத்தால் முளை மேலே வருவதற்குள் அதன் சேமிப்பு தீர்ந்துவிடும். எனவே ஈரப்படுத்திய தென்னைநார்க் கழிவும் மண்புழு உரமும் கலந்த கலவையின்மேல் விதையைத் தூவி, விதை மறையும் அளவுக்கு மட்டும் பொடிக்கலவையைச் சலித்து, விரலால் லேசாக அழுத்தினால் போதும். பூவாளியால் மேலிருந்து தண்ணீர் ஊற்றினால் விதைகள் ஒரு மூலையில் ஒதுங்கிவிடும். கைத்தெளிப்பானால் பனித்துளிபோல் தெளிப்பதோ, விதைத்த குழித்தட்டை, அதாவது சிறு குழிகள் கொண்ட நாற்றுத் தட்டை, தண்ணீர் உள்ள தாம்பாளத்தில் சற்றுநேரம் வைத்து அடியிலிருந்து ஈரத்தை உறிஞ்ச விடுவதோ நல்லது. 21 முதல் 25 டிகிரி செல்சியஸ் வரை வெப்பம் இருந்தால் ஒன்று முதல் இரண்டு வாரங்களுக்குள் முளைத்துவிடும். முளைத்த அன்றே நல்ல வெளிச்சத்துக்குக் கொண்டுவர வேண்டும். இரண்டு நாள் நிழலில் கிடந்தாலும் நாற்று வெளிறி நீண்டு, தன் கனத்தைத் தானே தாங்காமல் சாய்ந்துவிடும்.

நாற்றங்காலில் ஏற்படும் பெரிய இழப்பு நாற்றழுகலால் வருவது. முந்தைய நாள் மாலை நிமிர்ந்து நின்ற நாற்றுகள் மறுநாள் காலை மண்ணை ஒட்டிய இடத்தில் நூலாக மெலிந்து படுத்திருக்கும். பூஞ்சைகளும் பூஞ்சைபோன்ற நுண்ணுயிர்களும் இதைச் செய்கின்றன. அவற்றுக்கு வழிசெய்து கொடுப்பவை அடர்த்தியான விதைப்பும் ஓயாத ஈரமும். மெல்லிசாக விதைத்து, காற்றோட்டம் கொடுத்து, கலவையின் மேற்பரப்பு சற்று உலர்ந்த பிறகே அடுத்த ஈரம் கொடுத்தால், மருந்தே தேவைப்படாது.

நடவில் காலதாமதம் கூடாது என்பதை எத்தனை முறை சொன்னாலும் தகும். முளைக்கும்போதே வரும் விதையிலைகளைக் கணக்கில் சேர்க்காமல், இரண்டாவது இணை உண்மையான இலைகள் விரிந்ததும் தனித் தொட்டிக்கோ நேரே நிலத்துக்கோ மாற்றிவிட வேண்டும்; விதைத்து ஐந்து வாரங்களுக்கு மேல் ஒரு நாற்றைக் குழித்தட்டில் விட்டுவைப்பது அதற்கு நாமே செய்யும் தீங்கு. மாற்றும்போது வேரோடு ஒட்டிய மண்கட்டி உடையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் வேர் அறுபடுவதை இந்தச் செடி எளிதில் பொறுத்துக்கொள்வதில்லை. வசதியுள்ளவர்கள் நிலத்திலேயே நேரடியாக விதைத்து, பிறகு நெருக்கமாக முளைத்த நாற்றுகளில் அதிகப்படியானவற்றை நீக்கிவிடுவதே மேல் என்பேன். குட்டை ரகங்களுக்கு 20 சென்டிமீட்டரும், உயர ரகங்களுக்கு 30 சென்டிமீட்டரும் இடைவெளி தேவை. உறைபனி விழும் நாடுகளில், பனிக்காலம் முழுவதும் முடிந்து மண் சூடேறிய பிறகே செடியை வெளியில் நட வேண்டும். இது வெப்பமண்டலத்துச் செடி. ஒரே இரவின் உறைபனி அதைக் கொன்றுவிடும், உறையாத குளிரும் அதன் வளர்ச்சியை முடக்கி, முன்னர் சொன்ன அவசரப் பூப்புக்குத் தள்ளிவிடும்.

பகலின் நீளமும் இங்கே கணக்கில் வருகிறது. கோழிக்கொண்டை, பகல் குறுகும்போது விரைந்து பூக்கும் இயல்புடையது. நீண்ட பகல்களில் உடலை வளர்த்துக்கொண்டு, பகல் குறையத் தொடங்கும்போது பூக்கும் செடியே பெரிய கொண்டை தருகிறது. குறுகிய பகல் உள்ள மாதங்களில் விதைத்தால், எல்லாக் கவனிப்பும் சரியாக இருந்தும் செடி சிறுத்தே பூக்கலாம். குட்டை ரகங்கள் விதைத்து ஏறத்தாழ பத்து வாரங்களிலும், உயர ரகங்கள் அதைவிடச் சில வாரங்கள் கழித்தும் பூப்பவை. எந்த மாதத்தில் பூ வேண்டுமோ அதிலிருந்து பின்னோக்கி எண்ணி விதைக்கும் நாளைக் குறித்துக்கொள்வது நல்ல பழக்கம்.

சிலர் எழுப்பியிருந்த மற்றொரு கேள்விக்கும் இங்கே விடை சொல்லலாம். வயல் ஓரங்களில் யாரும் கவனிக்காமலேயே வளரும் பண்ணைக்கீரையும் இதே இனம் என்றால், தோட்டத்துக் கோழிக்கொண்டைக்கு மட்டும் ஏன் இத்தனை பராமரிப்பு என்று கேட்டிருந்தார்கள். உறவு உண்மைதான். 1753ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டுத் தாவரவியலாளர் லின்னேயஸ் இவற்றை இரண்டு தனித்தனி இனங்களாகப் பெயரிட்டார். ஆனால் இன்று தாவரவியலாளர்கள் பலர் கோழிக்கொண்டையை, செலோசியா அர்ஜென்டியா எனப்படும் அந்தப் பண்ணைக்கீரை இனத்திலிருந்தே மனிதர் தேர்ந்தெடுத்து வளர்த்த வடிவமாகக் கருதுகிறார்கள். காட்டுச் செடி தாய்ச்செடியின் காலடியில் விழுந்த இடத்திலேயே முளைக்கிறது. அதன் வேரை யாரும் பிடுங்கி இடம் மாற்றுவதில்லை, கையளவுத் தொட்டியில் அடைப்பதும் இல்லை. இந்தத் துன்பங்கள் எல்லாம் நாம் கொடுப்பவை என்பதால், அவற்றைச் சரிக்கட்டும் பொறுப்பும் நம்முடையதாகிறது.

தோட்டத்தில் வளர்ப்பவற்றில் மூன்று வடிவங்கள் உண்டு. மடிப்பு மடிப்பாகச் சுருண்டிருக்கும் கொண்டை வகை. இறகுக் கற்றையாக மேல்நோக்கி நிற்கும் வகை. கோதுமைக் கதிரைப்போல் ஒல்லியான கதிர்களை விடும் வகை. கொண்டை வகையின் விந்தையான தோற்றத்துக்குக் காரணம், ஒரு புள்ளியாக இருக்க வேண்டிய வளர்நுனி ஒரு கோடாக நீண்டுபோவது. கோட்டின் எல்லா இடங்களும் ஒரே நேரத்தில் வளர முயல்வதால், இடம் போதாமல் விளிம்பு நெளிந்து மடிகிறது. நன்கு விரிந்த ஒரு கொண்டையைக் கையில் வைத்து உருப்பெருக்கியால் பார்க்க வேண்டுகிறேன். மேல் விளிம்பு முழுவதும் வெல்வெட் துணியாகத் தோன்றுவது பூக்களல்ல, நெருக்கமாகச் செறிந்த மெல்லிய செதில்கள். உண்மையான பூக்கள் அதற்குக் கீழே, கொண்டையின் இரு பக்கச் சரிவுகளிலும் அடுக்கடுக்காக இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் காகிதம்போல் உலர்ந்த ஐந்து இதழ்களும், அடியில் ஒன்றிணைந்து சிறு கிண்ணமாக நிற்கும் ஐந்து மகரந்தத் தாள்களும் தெரியும். இதழ்கள் தொடக்கத்திலிருந்தே உலர்ந்த தன்மையோடு இருப்பதால்தான் பூ வாரக்கணக்கில் வாடாமல் நிற்கிறது. நிறத்தைத் தருபவை பீட்டலெயின் எனப்படும் நிறமிகள். ரோஜாவிலும் செம்பருத்தியிலும் காணும் சிவப்பிலிருந்து வேதியியல் முறையில் வேறுபட்டவை, பீட்ரூட்டின் சிவப்போடு உறவுடையவை.

நுனி கிள்ளுவதில் இந்த வடிவ வேறுபாட்டை மறக்கக் கூடாது. இறகு வகையிலும் கதிர் வகையிலும், செடி ஒரு சாண் உயரம் வந்ததும் நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளைகள் பெருகிப் பல பூக்கள் கிடைக்கும். கொண்டை வகையில் ஒரே பெரிய கொண்டை வேண்டுமென்றால் நுனியைத் தொடவே கூடாது. பக்கத் தளிர்களைத்தான் இளசிலேயே அகற்ற வேண்டும். எல்லாச் செடிகளையும் கிள்ளிவிடுங்கள் என்று பொதுப்படச் சொல்லும் குறிப்புகளால் எத்தனையோ பேர் தங்கள் கொண்டையை இழந்திருப்பார்கள். ஏற்கெனவே மொட்டோடு வாங்கிவிட்டவர்களுக்கும் ஓரளவு வழி உண்டு. இறகு வகையானால், நடும்போதே மொட்டைக் கிள்ளி எறிந்து, சுற்றிய வேர்களின் வெளிப்புறத்தை மட்டும் விரலால் மெல்லப் பிரித்துவிட்டு நட்டால், பக்கக் கிளைகள் எழுந்து பூப்பதற்கு நல்ல வாய்ப்பு இருக்கிறது. கொண்டை வகையில் அத்தகைய மீட்சியை நான் அதிகம் எதிர்பார்ப்பதில்லை.

தண்ணீரைப் பற்றித்தான் தங்கள் கட்டுரையோடு எனக்குப் பெரிய கருத்து வேறுபாடு. இளநாற்று காய்ந்துபோகக் கூடாது. ஆனால் வேர்பிடித்த செடிக்கு, விரலை மண்ணில் ஒரு அங்குலம் நுழைத்துப் பார்த்து, ஈரம் தட்டுப்படாதபோது மட்டுமே தண்ணீர் விட வேண்டும். நடுப்பகல் வெயிலில் இலை தொங்குவதைக் கண்டு பதறித் தண்ணீர் ஊற்றுகிறார்கள். மாலையில் தானே நிமிர்ந்துவிடும் செடிக்கு அது தேவையே இல்லை. காலையிலும் தொங்கிக்கொண்டிருந்து, மண்ணும் ஈரமாக இருந்தால், அது தாகமல்ல, வேரழுகல். அந்த நிலையில் மேலும் தண்ணீர் ஊற்றுவது செடியை முடித்துவைக்கும். தண்ணீரைக் காலையில், செடியின் அடியில் மட்டும் விட வேண்டும். கொண்டையின் மடிப்புகளுக்குள் தங்கும் நீர் எளிதில் ஆவியாவதில்லை. உள்ளே சாம்பல் நிறப் பூசணம் படர்ந்து, வெளியே தெரியும்போது பாதி கொண்டை அழுகியிருக்கும். தொடர்மழை பெய்யும் பருவத்தில் தொட்டிச் செடிகளைக் கூரைக்குக் கீழே, வெளிச்சம் படும் இடத்துக்கு மாற்றுவது அவசியம்.

வெயில் நாளொன்றுக்கு ஆறு மணி நேரமாவது நேரடியாகப் பட வேண்டும்; நிழலில் நிறம் வெளுத்து, தண்டு நீண்டு சாயும். உரத்தைப் பொறுத்தவரை, நடும்முன் மண்ணில் நன்கு மக்கிய தொழுவுரம் கலந்திருந்தால் பிறகு அதிகம் தேவைப்படாது. தழைச்சத்தை வாரி வழங்கினால் இலைதான் பெருக்குமே தவிர, பூ தள்ளிப்போகும்.

பூச்சிகளில் அசுவினியும் செஞ்சிலந்தியும் முக்கியமானவை. செஞ்சிலந்தி, வறண்ட வெப்பத்தில் இலையின் அடிப்புறத்தில் பெருகும். இலையின் மேற்பரப்பில் ஊசியால் குத்தியதுபோல் வெளிர்புள்ளிகள் தென்பட்டதும், அடிப்புறத்தில் படுமாறு தண்ணீரை வேகமாகப் பீய்ச்சிக் கழுவினாலே ஆரம்ப நிலையில் கட்டுப்படும். நல்ல மண்ணிலும் செடி காரணமின்றிக் குன்றினால் ஒன்றைப் பிடுங்கிப் பாருங்கள். வேரில் சிறு முடிச்சுகள் இருந்தால் அது வேர்முடிச்சு நூற்புழு. அந்த இடத்தில் அடுத்த பருவம் மீண்டும் கோழிக்கொண்டை வைக்கக் கூடாது.

விதை சேகரிப்பது எளிது. கொண்டையின் மேற்பகுதியில் விதையைத் தேடிப் பயனில்லை. பக்கச் சரிவுகளில் உள்ள பூக்கள் பழுப்பாகும்போது, அவற்றின் சிறு காய்கள் மூடி திறந்து கறுப்பு விதைகளை உதிர்க்கும். காகிதப் பைக்குள் கொண்டையைத் தலைகீழாக விட்டுத் தட்டினால் போதும். வெவ்வேறு வகைகளை அருகருகே வளர்த்தால் அயல் மகரந்தம் கலந்து, மறுதலைமுறையில் தாயைப்போல் இல்லாத செடிகள் வரும். வீரிய ஒட்டு ரகத்தின் விதையும் அப்படியே. விதைக்காக ஒரு செடியை ஒதுக்கும்போது, தோட்டத்திலேயே தாமதமாகப் பூத்து, மிகப் பெரிதாக விரிந்த செடியைத் தேர்ந்தெடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். முதலில் பூத்ததிலிருந்தே ஆண்டுதோறும் விதை எடுத்தால், அவசரமாகப் பூக்கும் வழித்தோன்றல்களையே நாம் பெருக்கிக்கொண்டிருப்போம். உலர்த்தி வைக்க விரும்புவோர், விதை உதிரத் தொடங்கும்முன் தண்டோடு வெட்டி, இலைகளை நீக்கி, இருட்டும் காற்றோட்டமும் உள்ள இடத்தில் தலைகீழாக இரண்டு மூன்று வாரங்கள் தொங்கவிட்டால், நிறம் பெரிதும் குறையாமல் நிலைக்கும்.

இறுதியாகத் தங்களிடம் ஒரு வேண்டுகோள். தோட்டக்கலைப் பக்கத்தில் ஒவ்வொரு செடியைப் பற்றியும் அது பூத்துக் குலுங்கும் மாதத்தில்தான் படத்தோடு எழுதுகிறீர்கள். படிப்பவர்கள் உடனே சென்று, பூத்த செடியாகப் பார்த்து வாங்குகிறார்கள். கோழிக்கொண்டைக்கு அது மிகவும் பிந்திய வேளை. பூக்கும் காலத்துக்கு மூன்று மாதங்கள் முன்னதாக, விதைப்புப் பருவத்திலேயே அந்தக் குறிப்புகளை வெளியிட்டு, பூவின் படத்துக்குப் பக்கத்தில் வாங்கத் தகுந்த நாற்றின் படத்தையும், வேர் சுற்றிய நாற்றின் அடிப்புறப் படத்தையும் சேர்த்து அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் நெடுநாள் வாசகர்